வேர்க்கடலைப் பயிரின் நோய்களை இனம் காண்போம்

ஓய்வு பெற்ற பிறகு, அலிபிரியில் திருமலைப் படிக்கட்டின் அடிவாரம் வரை நாள்தோறும் காலையில் நடந்துபோய் வருவது என் வழக்கம். திரும்பும் வழியில் வேகவைத்த வேர்க்கடலை விற்கும் அம்மாளிடம் ஒரு பொட்டலம் வாங்குவேன். சென்ற மாதம் ஒரு நாள் அப்பொட்டலத்தில் நாலைந்து காய்கள் சிறுத்து, ஓடு முழுவதும் கறுத்துக் கிடந்தன. "மண்ணு கறை சாமி, வேறொண்ணுமில்லை" என்றார் அந்த அம்மாள். அது மண் கறையன்று என்பது எனக்குத் தெரியும். அந்தக் கறுப்பைத் தெரிந்துகொள்ள எங்கள் குடும்பம் ஒரு முழுப் போகத்தை விலையாகக் கொடுத்திருக்கிறது.

நம் சங்க உறுப்பினர்களில் பலருக்குச் சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் சொந்த நிலமோ குத்தகை நிலமோ உண்டு. நிலம் இல்லாதவர்களுக்கும் நிலமுள்ள உறவினர் இருப்பார்கள். இப்பகுதி மக்களின் வாழ்வோடு பிணைந்த பயிர் வேர்க்கடலை. அதற்கு வரும் முக்கியமான நோய்களையும் அவற்றை அடையாளம் காணும் முறைகளையும் நான் பட்டு அறிந்த அளவிலும் கேட்டு அறிந்த அளவிலும் இங்கே எழுதுகிறேன்.

ஏமாற்றிய பசுமை

என் மனைவியின் ஊர் ஸ்ரீகாளஹஸ்திக்கு அருகில், சுவர்ணமுகி ஆற்றை ஒட்டி இருக்கிறது. மணற்பாங்கான நிலம், கிணற்றுப் பாசனம். இருபது ஆண்டுகளுக்கு முன்பு மார்கழி மாதத்தில் அங்கே கடலை விதைத்தோம். இரண்டு மாதத்தில் போய்ப் பார்த்தபோது செடிகள் சற்றுக் குட்டையாக இருந்தாலும், இலைகள் பக்கத்து வயல்களைவிடக் கரும்பச்சையாக இருந்தன. "மாமா, இந்தத் தடவை பயிர் நிறத்தைப் பார்த்தீங்களா!" என்று என் மைத்துனர் பூரித்துப் போனார். செடி குட்டையாக இருப்பதற்கு மட்டும் மருந்துக் கடையில் யோசனை கேட்டோம். கடைக்காரர் சத்து மருந்தும் பூஞ்சாண மருந்தும் கொடுத்தார். மூன்று முறை தெளித்தோம்.

செடியைப் பிடுங்கிய அன்றுதான் உண்மை தெரிந்தது. காய்கள் சிறுத்து, ஓடு கறுத்து, காம்பு குறுகிப் போயிருந்தன. முப்பது மூட்டை காணும் நிலத்தில் பதினொரு மூட்டைதான் கண்டது. அதையும் வியாபாரி நிறத்தைக் காட்டி விலை குறைத்து எடுத்தார். என் மனைவியின் வளையல்கள் அடகிலிருந்து மீள இரண்டு ஆண்டுகள் ஆயின.

நோயுற்ற செடிகளை மண்ணோடு பெயர்த்துத் திருப்பதியிலுள்ள வட்டார வேளாண் ஆராய்ச்சி நிலையத்துக்கு எடுத்துச் சென்றோம். அங்கிருந்த அறிவியலாளர் இலையைப் பார்க்கவே இல்லை. நேராகக் காயைப் பார்த்தார். "இது காளஹஸ்தி தெகுலு. நீங்கள் தெளித்த மருந்து இலையோடு நின்றுவிட்டது. நோய் இருப்பது மண்ணுக்குள்" என்றார். தெலுங்கில் தெகுலு என்றால் பயிர் நோய். நம் ஊர்ப் பெயரிலேயே ஒரு நோய் இருந்தும், அதை நாங்கள் அறியவில்லை.

நோய் இன்னது, அதன் காரணம் இன்னது என்று தெரிந்த பிறகே மருந்து என்பது மனிதனுக்குப் போலவே பயிருக்கும் பொருந்தும். கடலைச் செடியை நான்கு இடங்களில் பார்த்தால் பெரும்பாலான நோய்களைப் பிரித்தறியலாம்.

1. இலை

இலையில் வருபவை முக்கியமாக மூன்று. முதல் இரண்டும் டிக்கா எனப்படும் இலைப்புள்ளி நோய்கள். விதைத்து ஏறக்குறைய ஒரு மாதத்தில் தோன்றுவது முன் இலைப்புள்ளி. இதில் பழுப்பு நிறப் புள்ளிகளைச் சுற்றி மஞ்சள் வளையம் இருக்கும். ஐம்பது, அறுபது நாட்களுக்கு மேல் மிகுதியாகத் தோன்றுவது பின் இலைப்புள்ளி. இதிலும் சில சமயம் மஞ்சள் வளையம் காணப்படும். ஆகவே வளையத்தை மட்டும் நம்பாமல் இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அடிப்பக்கம் புள்ளி கரி போலக் கறுத்து, விரலுக்குச் சொரசொரப்பாக இருந்தால் அது பின் இலைப்புள்ளி.

மூன்றாவது துரு நோய். இலையின் அடியில் செங்காவி நிறத்தில் சிறு கொப்புளங்கள் தோன்றும். தடவினால் அந்தப் பொடி விரலில் ஒட்டும். இலைப்புள்ளி முற்றினால் இலை உதிர்ந்துவிடும். துரு தாக்கிய இலையோ காய்ந்த பின்னும் செடியிலேயே தொங்கும். வரப்பில் நின்றபடியே இந்த வேறுபாட்டைக் காணலாம்.

இம்மூன்றும் பூஞ்சாண நோய்கள். காற்றிலும் மழைத் தூறலிலும் பரவுபவை. பின் இலைப்புள்ளியும் துருவும் சேர்ந்து கடுமையாகத் தாக்கினால் விளைச்சலில் பாதிக்கு மேல் போய்விடக்கூடும். இவற்றுக்கு இலைவழித் தெளிப்பு பலன் தரும். புள்ளி கண்டவுடன் லிட்டர் தண்ணீருக்குக் குளோரோதலோனில் 2 கிராம் அல்லது ஹெக்சகோனசோல் 2 மில்லி கலந்து தெளித்து, தேவையானால் பதினைந்து நாள் கழித்து மீண்டும் தெளிக்கலாம். வாங்கும் மருந்தின் உறையில் அச்சிட்டுள்ள அளவைப் படித்து, வேளாண் அலுவலரிடமும் கேட்டுக்கொள்வது நல்லது.

2. கழுத்தும் தண்டும்

முளைத்த சில வாரங்களுக்குள் இளஞ்செடி திடீரென வாடினால், பிடுங்கி மண்மட்டத்தில் உள்ள கழுத்துப் பகுதியைப் பாருங்கள். அங்கே கறுப்புப் பொடி படர்ந்திருந்தால் அது கழுத்தழுகல். வளர்ந்த செடியின் அடித்தண்டில் வெண்ணிறப் பூஞ்சாண இழைகளும், அவற்றிடையே கடுகு போன்ற உருண்டைகளும் இருந்தால் அது தண்டழுகல். அந்தக் கடுகுகள்தாம் நோயின் வித்து. அவை மண்ணில் தங்கி அடுத்த பயிரையும் பிடிக்கும்.

இவற்றுக்கு விதைப்புக்கு முன்பே வைத்தியம் தொடங்க வேண்டும். கோடையில் ஆழ உழுது மண்ணைக் காயவிடுவதும், ஒரே நிலத்தில் தொடர்ந்து கடலை போடாமல் பயிரை மாற்றுவதும் நல்லது. விதை கிலோவுக்கு மான்கோசெப் 3 கிராம் அல்லது டிரைகோடெர்மா விரிடி 4 கிராம் கலந்து விதைக்கலாம். டிரைகோடெர்மா உயிருள்ள நன்மைப் பூஞ்சாணம். ஆதலால் அதைப் பூஞ்சாணக்கொல்லியோடு சேர்த்துக் கலக்கக் கூடாது.

3. குருத்து

குருத்தில் வரும் இரண்டு நோய்களும் வைரஸால் வருபவை. இலையில் வெளிறிய வளையங்கள் தோன்றி, நுனிமொட்டு கருகி, செடி குறுகிப் பக்கத் தளிர்கள் கொத்தாக வெடித்தால் அது மொட்டுக்கருகல். தெலுங்கில் மொவ்வு குள்ளு என்பர். இளஇலை கருகி, கருகல் இலைக்காம்பின் வழியே தண்டில் இறங்கிச் செடியே மடிந்தால் அது தண்டுக்கருகல். இரண்டிலும் இலைப்பேனுக்குப் பங்குண்டு.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். பூஞ்சாணத்தால் வரும் தண்டழுகலைத் தெலுங்கில் காண்டம் குள்ளு என்கிறார்கள். வைரஸால் வரும் தண்டுக்கருகலைக் காண்டம் குள்ளு வைரஸ் என்கிறார்கள். பேச்சில் வைரஸ் என்ற கடைசிச் சொல் விடுபட்டுப் போகும். கடைக்காரர் பூஞ்சாண மருந்தைக் கொடுப்பார். வைரஸ் புகுந்த செடியை எந்தப் பூஞ்சாண மருந்தும் காப்பாற்றாது. ஆகவே பெயரைச் சொல்லி மருந்து கேட்காமல், செடியையே கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

2000ஆம் ஆண்டு கரீப் பருவத்தில், அப்போது நம் அண்டை மாவட்டமாக இருந்த அனந்தபூரில் ஏறத்தாழ 2,25,000 ஹெக்டேர் கடலையைத் தாக்கியது இந்தத் தண்டுக்கருகல்தான். இழப்பு 300 கோடி ரூபாய்க்கு மேல் என்று மதிப்பிட்டார்கள். வைரஸ் தங்கியிருந்த இடம் வரப்போரத்துப் பார்த்தீனியம். ஆந்திர விவசாயிகள் வய்யாரிபாமா என்று செல்லப் பெயரிட்டழைக்கும் வெள்ளைப் பூச்செடி அது. நோய்க்குறி எதுவும் காட்டாமலே அச்செடி வைரஸைத் தாங்கி நிற்கும். அதன் மகரந்தம் இலைப்பேன்களின் உடலில் ஒட்டிக் கடலை இலைக்கு வருகிறது. இலைப்பேன் சுரண்டிய காயத்தின் வழியே வைரஸ் உள்ளே நுழைகிறது.

காரணம் தெரிந்ததும் வழியும் தெரிந்துவிடுகிறது. பார்த்தீனியம் பூக்கும் முன்பே வரப்பிலும் பாதையோரத்திலும் அதைப் பிடுங்கிவிட வேண்டும். வயலைச் சுற்றிச் சோளமோ கம்போ சில வரிசைகள் நெருக்கமாக விதைத்தால் அவை வேலிபோல் நின்று இலைப்பேனைத் தடுக்கும். சூரியகாந்திக்குப் பக்கத்தில் கடலை வேண்டாம். மொட்டுக்கருகலைக் குறைக்கச் செடிகளுக்கிடையே வெற்றிடம் இல்லாமல் உரிய நெருக்கத்தில் விதைப்பதும் உதவும்.

4. மண்ணுக்குள்

கடைசியாக, எங்களை ஏமாற்றிய காளஹஸ்தி நோய். 1970களின் நடுவில் காளஹஸ்திப் பகுதியில் முதலில் காணப்பட்டதால் இப்பெயர் பெற்றது. இதற்குக் காரணம் பூஞ்சாணமோ வைரஸோ அன்று. ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத நூற்புழு. கண்ணுக்குத் தெரியாத இப்புழு வேரையும், விழுதையும், இளங்காயையும் துளைத்துச் சாறுண்ணும். அவ்விடங்களில் பழுப்பு மஞ்சள் நிறத் தழும்புகள் எழும்பி, ஒன்றோடொன்று சேர்ந்து ஓடு முழுவதும் கறுக்கும். பருப்பு சிறுத்துவிடும். செடி குட்டையாகும். இலை மட்டும் வழக்கத்தைவிடப் பசுமையாக இருக்கும். கடலையில் அளவுக்கு மீறிய பசுமையைக் கண்டால் மகிழ்வதற்கு முன் ஒரு செடியைப் பிடுங்கிப் பாருங்கள்.

இதற்கு நல்ல வழி, எதிர்ப்புத் திறனுள்ள விதை. திருப்பதி ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய டி.சி.ஜி.எஸ். 320 என்ற ரகத்துக்குக் காளஹஸ்தி என்றே பெயர். நோயின் பெயரையே அதை எதிர்க்கும் விதைக்கும் வைத்துவிட்டார்கள்! மறு ஆண்டு அதே நிலத்தில் அதைத்தான் விதைத்தோம். பிடுங்கியபோது காய்கள் வெளுப்பாக இருந்தன. என் மைத்துனர் ஒரு கைப்பிடியை எடுத்து வந்து, ஒன்றும் பேசாமல் என் மனைவியின் முந்தானையில் போட்டார்.

சோதனைக்கு எடுத்துச் செல்வோர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். உரச்சத்து அறிய மண்ணைக் காயவைத்துக் கொடுக்கிறோம். நூற்புழுச் சோதனைக்கு மண் காயக் கூடாது. வேரைச் சுற்றியுள்ள ஈர மண்ணைப் பாலிதீன் பையில் கட்டி, வெயில் படாமல் உடனே சேர்க்க வேண்டும்.

முடிவாக

பத்து நாளுக்கு ஒரு முறை வயலின் குறுக்கே நடந்து, நாலைந்து இடங்களில் ஒவ்வொரு செடியைப் பிடுங்குங்கள். இலையைத் திருப்பி, கழுத்தைத் துடைத்து, குருத்தை விரித்து, காயைக் கழுவிப் பாருங்கள். இதற்கு அரை மணி நேரம்தான் ஆகும். அன்று நாங்கள் அந்த அரை மணியைச் செலவிட்டிருந்தால், பலனில்லாத மூன்று தெளிப்பின் செலவாவது மிஞ்சியிருக்கும்.

கடலை விற்கும் அம்மாளிடம் மறுநாளே விசாரித்தேன். அது அவருடைய தம்பி நிலத்துக் காயாம். காளஹஸ்திக்கு அப்பால் இரண்டு ஏக்கர். செடி கரும்பச்சையாகத்தான் இருந்ததாம். அடுத்த விதைப்புக்கு முன் ஈர மண்ணோடு அவரை வரச் சொல்லியிருக்கிறேன். ஆராய்ச்சி நிலையத்துக்கு நானே உடன் செல்வதாக இருக்கிறேன்.