மணத்தோழியாகப் போகும் பேத்திக்கு



லீட்ஸ் நகரில் உன்னோடு வாசிக்கும் ஆங்கிலப் பெண் தன் விவாகத்தில் உன்னைப் 'பிரைட்ஸ்மெய்ட்' ஆக நிற்கும்படி கேட்டிருக்கிறாள் என்று நீ எழுதியதை நான் உரக்க வாசித்தபோது, உன் பாட்டி அடுப்பங்கரையிலிருந்து ஓடிவந்து, கடல் கடந்து படிக்கப் போன குழந்தை வேலைக்காரியாகவா நிற்கவேண்டும் என்று பதறினாள். முப்பது வருஷம் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்த நான் அகராதியை எடுக்கவேண்டியதாயிற்று.

இச்சொல்லில் வரும் 'மெய்ட்', கன்னிகை என்று பொருள்படும் 'மெய்டன்' என்ற பழஞ்சொல்லின் குறுக்கமேயன்றி ஏவற்பெண் அல்ல. ஏவலாளைக் குறித்த சொல் உண்மையில் ஒட்டிக்கொண்டது மாப்பிள்ளையிடத்தில்தான்: மனிதன் என்று பொருள்பட்ட 'குமா' என்னும் பழைய பதம் வழக்கொழிந்து போகவே, அதன் ஸ்தானத்தில் பையன், பணியாள் என்று அர்த்தமுள்ள 'குரூம்' புகுந்து 'பிரைட்குரூம்' ஆயிற்று. இதைக் கேட்டபின் உன் பாட்டிக்கு உண்டான சந்தோஷம் சொல்லி முடியாது.

16-ஆம் நூற்றாண்டில் 'பிரைட்மெய்ட்' என்று வழங்கிய அப்பதத்தின் நடுவே, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான், ஆறாம் வேற்றுமைக்கு அவர்கள் இடும் 'ஸ்' வந்து அமர்ந்தது. அந்த 'ஸ்' எழுத்தை மறவாதே; விவாகத்தன்று ஒரு பகல் நீ மணப்பெண்ணுடையவள்.

1840-ஆம் வருஷம் பிப்ரவரி 10-ஆம் தேதி விக்டோரியா மகாராணியின் விவாகத்தில், வெள்ளுடை தரித்த 12 கன்னிகைகள் அவருடைய ஆடையின் பின்தொங்கலை ஏந்தி நடந்தார்கள். அத்தனை பேர் பிடிக்க அதன் நீளம் போதாமையால், ஒருத்தி குதிகாலை ஒருத்தி மிதித்துவிடாதபடி நெருக்கியடித்து, அடிமேல் அடிவைத்தே போகவேண்டியிருந்தது. அவர்களுள் ஒருத்தி தன் நடையழகை நினைத்திருந்தாலும் ராணி பின்னோக்கி இழுபட்டிருப்பார்!

ஆகையால், உன் தோழி தேர்ந்தெடுக்கும் உடுப்பின் நிறம் உனக்குப் பிடிக்காவிடினும் முகம் சுளிக்காதே. மோதிரம் அணியும் வேளையில் பூச்செண்டை அவள் கேட்குமுன் வாங்கிக்கொள். பதிவுக்குச் சட்டப்படி இரண்டு சாட்சிகள் வேண்டும். உன்னை அழைத்தால் நிதானமாகக் கையெழுத்திடு. துர்த்தேவதைகளை ஏமாற்றவே தோழியர் மணப்பெண்ணைப்போல் உடுத்தார்கள் என்று யாராவது கதை சொன்னால் சிரித்துக் கேட்டுக்கொள், நான் நம்பவில்லை.

பக்கத்தில் நிற்பதும் ஒரு பெருமைதான்: உன் அம்மாவின் கல்யாணத்தில் உன் அத்தைதான் நாத்தனார் முடிச்சுப் போட்டாள்; புகைப்படத்தில் விழுந்தது அவள் கை மாத்திரமே. இன்றும் அதைக் காட்டி, "இது என் கை" என்பாள்.

கைப்பையில் ஊசி, வெள்ளை நூல், நாலைந்து ஊக்கு வைத்துக்கொள். உனக்கு அரக்கு நிறக் காஞ்சிபுரம் பட்டு அனுப்பவேண்டுமென்று பாட்டி பெட்டியைத் திறந்தாள். அத்தனை ஜரிகையோடு நீ போய் நின்றால் மணமகள் யாரென்று பாதிரியாருக்கே சந்தேகம் வந்துவிடும் என்று சொல்லித் தடுத்துவிட்டேன். புடவை பெட்டியிலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
தாத்தா