சவர்க்காரம் செய்ய எந்த எண்ணெய்?

வீட்டிற் சவர்க்காரம் செய்யும்போது செலவின் பெரும்பகுதி எண்ணெய்க்கே போகிறது. ஆகவே எண்ணெயைத் தெரிந்தெடுப்பதே முதற் பாடம்.

தேங்காயெண்ணெய்: கட்டியான சவர்க்காரம் தரும். உவர்க்கிணற்று நீரிலும் நுரைக்கும். உடுப்புக்கு மிக நல்லது. தனியே பாவித்தால் உடம்பு வறளும். பொரித்து மிஞ்சியதையும் வடித்து உடுப்புச் சவர்க்காரத்துக்கு எடுக்கலாம்.

வேப்பெண்ணெய், இலுப்பெண்ணெய்: நுரை குறைவு, ஆனால் தேங்காயெண்ணெயின் கடுமையைத் தணிக்கும்.

நல்லெண்ணெய்: விலை கூட, நுரையும் குறைவு. சமையலுக்கே வைத்திருங்கள்.

அளவு: தேங்காயெண்ணெய் 700 கிராம், வேப்பெண்ணெய் அல்லது இலுப்பெண்ணெய் 300 கிராம், கோஸ்ரிக் சோடா 160 கிராம், மழைநீர் 350 மில்லிலீற்றர். எண்ணெய் மாறினால் சோடாவும் மாறும்: தனித் தேங்காயெண்ணெய் 1 கிலோவுக்கு 170 கிராம் வேண்டும். எல்லாவற்றையும் தராசில் நிறுங்கள். எண்ணெய் சற்று மிஞ்சினால் கேடில்லை; சோடா மிஞ்சினால் தோல் புண்ணாகும்.

கவனம்: சோடாவை நீரில் இடுங்கள், சோடாவின் மேல் நீரை ஊற்றவே கூடாது. அலுமினியப் பாத்திரம் ஆகாது, அரித்துவிடும். பிள்ளைகளை அண்டவிடாதீர்கள். மேலே தெறித்தால் உடனே நிறையத் தண்ணீரால் கழுவுங்கள். கண்ணிற் பட்டால் நன்றாகக் கழுவிவிட்டு வைத்தியசாலைக்குப் போங்கள்.

செய்முறை: ஆறிய சோடாக் கரைசலை எண்ணெயில் மெல்ல ஊற்றி, கூழ்போலத் தடிக்கும்வரை மரத்துடுப்பாற் கிண்டி அச்சில் வாருங்கள். மறுநாள் கையுறையுடன் வெட்டி, நிழலில் 4 கிழமை உலரவிடுங்கள். பொறுத்திருந்தால் கட்டி இறுகும், கரைந்து வீணாகாது.

உங்கள் ஊரில் எந்த எண்ணெய் மலிவு? கடைச் சவர்க்காரத்தின் விலையோடு முதலிற் கணக்குப் பாருங்கள்.