இணையத்தளத்தை நாமே அமைப்பதா, வல்லுநரிடம் ஒப்படைப்பதா?

பாடத்தின் நோக்கம்

சிறுதொழில் நடத்துவோரும், தமிழ்ப் பாடசாலை, முதியோர் கழகம் போன்ற அமைப்புகளின் நிர்வாகிகளும் இணையத்தளம் ஒன்றைத் தொடங்க முனையும்போது இக்கேள்வி முதலில் எழுகின்றது. பெரும்பாலும் செலவை வைத்தே விடை காணப்படுகின்றது. செலவு முக்கியமே, எனினும், தளத்தின் பெயரும் கடவுச்சொற்களும் யாரிடம் உள்ளன என்பது அதனினும் முக்கியம். வடிவமைப்பாளர் தொழிலை விட்டு விலகினாலோ, பொறுப்பாளர் வேறு நகருக்குக் குடிபெயர்ந்தாலோ, பல ஆண்டுகளாகப் பழகிய முகவரி கைநழுவக்கூடும். இரு வழிகளையும் ஒப்பிட்டு, இந்நிலை நேராமல் காக்கும் முறையை இப்பாடம் விளக்குகின்றது.

1. தளத்தின் மூன்று பகுதிகள்

ஒவ்வொரு தளத்திலும் மூன்று பகுதிகள் உள்ளன. முதலாவது, டொமைன் எனப்படும் தளப்பெயர்; இது கடையின் பெயர்ப்பலகை போன்றது. இரண்டாவது, தளத்தின் கோப்புகளைத் தாங்கும் ஹோஸ்டிங். இது வாடகைக்கு எடுத்த இடம். மூன்றாவது, எழுத்தும் படங்களும் வடிவமைப்பும். இவையே கடையின் சரக்கு. மூன்றையும் ஒருவரிடமே வாங்கலாம், தனித்தனியாகவும் வாங்கலாம்.

2. நாமே அமைக்கும் வழி

விக்ஸ், ஸ்குவேர்ஸ்பேஸ், ஷாப்பிஃபை போன்ற சேவைகள் ஆயத்த வடிவங்களை வழங்குகின்றன. மாத அல்லது ஆண்டுச் சந்தா செலுத்தினால், ஹோஸ்டிங்கையும் பாதுகாப்புப் புதுப்பிப்புகளையும் அந்நிறுவனங்களே கவனித்துக்கொள்ளும். விலைப்பட்டியலையோ திறந்திருக்கும் நேரத்தையோ எவரையும் எதிர்பாராமல் நீங்களே மாற்றலாம்.

இவ்வழியில் இரண்டு குறைகள் உண்டு. இலவசத் திட்டங்களில் முகவரியிலும் பக்கங்களிலும் சேவை நிறுவனத்தின் பெயர் தோன்றுவது வழக்கம். மேலும், தளத்தை அப்படியே வேறிடத்திற்கு எடுத்துச் செல்வது கடினம். விக்ஸில் அமைத்த தளத்தை மற்றொரு ஹோஸ்டிங்குக்கு மாற்ற இயலாது. மீண்டும் புதிதாகவே அமைக்க வேண்டும். ஆகவே, எழுத்துகளின் பிரதியையும் மூலப் படங்களையும் உங்கள் கணினியில் சேமித்து வையுங்கள்.

3. வல்லுநரை அமர்த்தும் வழி

முன்பதிவு, கட்டணம், கணக்குப்பதிவு ஆகியவை ஒன்றோடொன்று இணைய வேண்டுமாயின், அல்லது இரு மொழிகளில் பல பக்கங்கள் தேவையாயின், வல்லுநரின் உதவி பயன் தரும். பலர் வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருளைப் பயன்படுத்துகின்றனர். 2003-இல் வெளிவந்த இது இலவசமானது. இதில் அமைத்த தளத்தை வேறு ஹோஸ்டிங்குக்கு மாற்றலாம். ஆனால் இதனைத் தொடர்ந்து புதுப்பிக்காவிடின் ஊடுருவலுக்கு இடமுண்டு. பராமரிப்பை யார் செய்வார், அதற்குக் கட்டணம் எவ்வளவு என்பதை முன்னரே கேளுங்கள்.

விலைமதிப்பை எழுத்தில் பெறுங்கள். பக்கங்களின் எண்ணிக்கை, எத்தனை முறை திருத்தம் செய்யப்படும், தமிழ்ப் பகுதியை எழுதுபவர் யார், ஜிஎஸ்டி சேர்ந்ததா என்பன அதில் இடம்பெற வேண்டும்.

சட்டம் குறித்து இரண்டு செய்திகள் அறியத்தக்கவை. ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டத்தின்படி, சேவைகள் உரிய கவனத்துடனும் திறமையுடனும் வழங்கப்பட வேண்டும். 100,000 டொலர் வரையான சேவையை வாங்கும் சிறுதொழிலுக்கும் இப்பாதுகாப்பு உண்டு. மற்றொன்று, 1968-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். ஒப்பந்த அடிப்படையில் பணிபுரியும் வடிவமைப்பாளரின் படைப்புக்கு, பணம் செலுத்திய பின்னரும், பொதுவாக அவரே உரிமையாளர். உரிமை உங்களுக்கு மாற வேண்டுமாயின், அவர் கையொப்பமிட்ட எழுத்து ஆவணம் தேவை.

4. பெயர் யாருடையது?

டாட் காம் டாட் ஏயு என முடியும் பெயரைப் பெற, ஆஸ்திரேலியாவில் நிலைகொண்ட வணிகமாக இருத்தல் வேண்டும். இதற்குப் பெரும்பாலோர் ஏபிஎன் எனப்படும் வணிக இலக்கத்தைக் காட்டுகின்றனர்; அதற்கு அரசின் இணையத்தளத்தில் கட்டணமின்றி விண்ணப்பிக்கலாம். இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கு உரியது டாட் ஓஆர்ஜி டாட் ஏயு. இப்பெயர்கள் 1 முதல் 5 ஆண்டுகள் வரையான உரிமமாகவே வழங்கப்படுகின்றன. தவணை முடியுமுன் புதுப்பிக்க வேண்டும்.

வடிவமைப்பாளர் உங்களுக்காகப் பதிவு செய்யும்போது தம் பெயரையும் தம் ஏபிஎன்னையும் கொடுத்துவிட்டால், உரிமம் அவருடையதாகிவிடும். ஏயு பெயர்களுக்கான இலவச ஹூஇஸ் தேடலில், பதிவாளராக யார் குறிக்கப்பட்டுள்ளார் என்பதைச் சரிபாருங்கள். அமைப்புகள், தனி உறுப்பினரின் மின்னஞ்சலைத் தவிர்த்து, அமைப்பின் பொது மின்னஞ்சலில் பதிவு செய்வது நன்று.

புதுப்பிப்புக் கட்டணம் எனக் கூறி வரும் போலிப் பற்றுச்சீட்டுகள் குறித்தும் எச்சரிக்கை தேவை. நீங்கள் பதிவு செய்த நிறுவனம் அனுப்பியதுதானா என உறுதி செய்த பின்னரே பணம் செலுத்துங்கள்.

5. தமிழ் எழுத்து

எந்த வழியாயினும் தமிழ்ப் பகுதி யூனிகோட் எழுத்தில் இருத்தல் வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவற்றைத் தேடுபொறிகள் தமிழாக உணர்வதில்லை. அறிவித்தலைப் படமாக மட்டும் இட்டால், பார்வைக் குறைபாடு உள்ளோர் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருளால் அதனை வாசிக்க இயலாது போகலாம், எழுத்திலும் இடுங்கள்.

6. தெரிவு செய்தல்

முகவரி, தொலைபேசி, விலைப்பட்டியல், சில படங்கள் மட்டும் போதுமான தையற்கடைக்கு முதல் வழியே போதும். மாணவர் பதிவு, தவணைக் கட்டணம், பெற்றோருக்கான அறிவித்தல் ஆகியவற்றை ஒருங்கே நடத்த விரும்பும் நடனப் பள்ளி, வல்லுநரை நாடுவது பொருந்தும். முதலில் எளிய தளத்தை நீங்களே அமைத்து, தொழில் வளர்ந்தபின் வல்லுநரிடம் செல்வதும் முறையே. தளப்பெயர் உங்களிடம் இருப்பின், தளம் மாறினாலும் முகவரி மாறாது.

பயிற்சி

பின்வரும் வினாக்களுக்கு விடையை எழுதிப் பாதுகாப்பாக வையுங்கள்.

அ. தளப்பெயர் யார் பெயரில் பதிவாகியுள்ளது? எத்திகதியில் காலாவதியாகும்?
ஆ. நிர்வாகக் கடவுச்சொற்கள் உங்களைத் தவிர நம்பகமான வேறு எவரிடம் உள்ளன?
இ. எழுத்துகளின் பிரதியும் மூலப் படங்களும் எங்கே உள்ளன?
ஈ. பராமரிப்பைச் செய்பவர் யார்? ஆண்டுச் செலவு எவ்வளவு?
உ. பதிப்புரிமை குறித்து எழுத்து ஆவணம் உள்ளதா?

விடை தெரியாத வினா எதுவாயினும், அடுத்த கட்டணத்தைச் செலுத்துமுன் அதற்கு விடை பெறுங்கள்.