காரின் குளிர் எங்கே போகிறது?

கோடைக்காலம் வந்துவிட்டால் நம் கீழக்கரையில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும். "காரில் ஏ.சி. குளிரவில்லை, கேஸ் தீர்ந்துவிட்டது, ஏற்ற வேண்டும்" என்பார்கள். ஓட ஓடப் பெட்ரோல் தீர்வதைப் போல ஏ.சி. கேஸும் தீர்ந்துவிடும் என்றே பலரும் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் சரியானதுதானா என்பதை, அன்புத் தோழியரே, இக்கட்டுரையில் காண்போம்.

குளிர் உண்டாகும் விதம்

ஊசி போடுமுன் கையில் ஸ்பிரிட் தடவினால் சில்லென்று இருக்கிறதல்லவா? திரவம் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. ஏ.சி.யின் அடிப்படையும் இதுவே. நம் நாட்டில் ஓடும் கார்கள் பலவற்றில் ஆர்-134ஏ என்னும் குளிர்பதனப் பொருள் உள்ளது. சாதாரணக் காற்றழுத்தத்தில் இது மைனஸ் 26 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகிவிடும்.

கம்ப்ரசர் இந்த ஆவியை அழுத்திச் சூடாக்குகிறது. காரின் முன்பக்கமுள்ள கண்டன்சரில் அது வெப்பத்தை வெளியே விட்டுத் திரவமாகிறது. பின்பு ஒரு சிறு வால்வின் வழியே பாய்ந்து, டாஷ்போர்டுக்குள் இருக்கும் எவாபரேட்டரில் ஆவியாகிக் காருக்குள் வரும் காற்றைக் குளிரச் செய்கிறது. அதன்பின் மீண்டும் கம்ப்ரசருக்கே திரும்புகிறது. நம் உடலில் இரத்தம் சுற்றுவதைப் போல இதுவும் ஒரு மூடிய சுற்று. இதில் கேஸ் எரிவதுமில்லை, செலவாவதுமில்லை. ரப்பர் குழாய்களின் வழியே ஆண்டுக்குச் சில கிராம் குறைவது இயல்பு. ஆனால் ஏற்றிய சில மாதங்களிலேயே குளிர் குறைந்தால், எங்கோ ஒழுகுகிறது என்பதே பொருள்.

ஒழுகும் இடங்கள்

நாம் வாழ்வது மன்னார் வளைகுடாக் கரையில். வீட்டு ஜன்னல் கம்பிகளைத் துருவேற்றும் உப்புக் காற்று, கண்டன்சரின் மெல்லிய அலுமினியத்தையும் அரித்து ஊசித் துளைகளை உண்டாக்கும். சாலையில் தெறிக்கும் கற்களும் அதைத் தாக்கும். இணைப்புகளில் உள்ள ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையங்கள் நாளடைவில் இறுகிவிடும்.

கண்டுபிடிக்கும் முறைகள்

வளைகுடா நாட்டில் ஏ.சி. மெக்கானிக்காகப் பணிபுரிந்த என் மாமா இவற்றை எனக்கு விளக்கினார்.

1. எண்ணெய்க் கறை: கேஸுடன் கம்ப்ரசர் எண்ணெயும் சுற்றி வருவதால், ஒழுகும் இடத்தில் எண்ணெய் கசிந்து தூசி படிந்திருக்கும்.

2. சோப்பு நீர்: இணைப்புகளில் தடவினால் ஒழுகும் இடத்தில் குமிழிகள் எழும்.

3. மின்னணுக் கருவி: மிகச் சிறிய கசிவையும் இது ஒலியெழுப்பிக் காட்டும். இந்த கேஸ் காற்றைவிடக் கனமானது. ஆகையால் கருவியை இணைப்பின் அடிப்பக்கம் பிடிக்க வேண்டும்.

4. நைட்ரஜன் சோதனை: கேஸ் முழுவதும் போய்விட்டால், உலர்ந்த நைட்ரஜனை அளவான அழுத்தத்தில் நிரப்பி, அழுத்தமானியின் முள் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். ஆக்சிஜனை ஒருபோதும் நிரப்பக் கூடாது. எண்ணெயுடன் சேர்ந்து வெடிக்கக்கூடும்.

எங்கள் உறவினர் ஒருவர் வாடகைக் கார் ஓட்டுகிறார். மதுரை விமான நிலையத்துக்குச் செல்வோர் ஏ.சி. இல்லாத காரில் ஏறுவதில்லை. ஆகவே ஒரே கோடையில் இரு முறை ஒரு பட்டறையில் பணம் கொடுத்து கேஸ் ஏற்றினார். இரு முறையும் சில வாரங்களில் குளிர் போய்விட்டது. மாமா சோப்பு நீர் தடவிப் பார்த்தபோது, கேஸ் ஏற்றும் வாயிலுள்ள சிறிய வால்விலிருந்து குமிழிகள் வந்தன. டயர் டியூப் வால்வைப் போன்ற அச்சிறு பொருளை மாற்றிய பிறகே அவருடைய கவலை தீர்ந்தது.

பழுது நீக்குதல்

முதலில், மீதியுள்ள கேஸைக் காற்றில் விடாமல் சிலிண்டரில் சேகரிக்க வேண்டும். பின்பு பழுதான ஓ-ரிங், குழாய் அல்லது கண்டன்சரை மாற்ற வேண்டும். அடுத்து வேக்கம் பம்பினால் அரை மணி நேரமாவது உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்துவிட்டு, முள் அசையாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இறுதியில், பானட்டின் அடியில் ஒட்டியுள்ள சீட்டில் குறித்த எடைக்கு கேஸை நிறுத்து ஏற்ற வேண்டும். திரவம் தோலில் பட்டால் உறைந்து புண்ணாகும். எனவே கண்ணாடியும் கையுறையும் அவசியம். இது பயிற்சி பெற்றவர்கள் செய்ய வேண்டிய வேலை.

ஒரு தமிழரின் முதல் வேலை

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்று 1965-இல் பட்டம் பெற்ற வீரபத்ரன் ராமநாதன் என்னும் தமிழர், செகந்திராபாத்தில் ஒரு குளிர்பெட்டி நிறுவனத்தில் சேர்ந்தார். பெட்டிகளிலிருந்து குளிர்பதன கேஸ் ஏன் கசிகிறது என்று கண்டறிவதே அவருக்குத் தரப்பட்ட வேலை! பின்னர் அமெரிக்கா சென்று ஆராய்ச்சி செய்த அவர், அக்காலத்துக் குளிர்பதனப் பொருள்களான குளோரோஃப்ளூரோ கார்பன்கள் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிடப் பல்லாயிரம் மடங்கு வலியவை என்று 1975-இல் வெளியிட்டார். 2004-இல் வத்திக்கானின் பாப்பிறை அறிவியல் கழக உறுப்பினராகவும் நியமிக்கப்பட்டார்.

அப்பொருள்கள் ஓசோன் படலத்தையும் அழிப்பதால், 1987-ஆம் ஆண்டு மான்ட்ரீல் ஒப்பந்தம் அவற்றுக்கு முடிவு கட்டியது. இன்றைய ஆர்-134ஏ ஓசோனைக் கெடுப்பதில்லை. ஆயினும் கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 1,400 மடங்கு வெப்பமூட்டும் ஆற்றல் உடையது. ஒரு காரிலிருந்து அரை கிலோ வெளியேறினால் 700 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். சுமார் 300 லிட்டர் பெட்ரோலை எரித்தால்தான் அவ்வளவு உண்டாகும்.

ஆகவே தோழியரே, பெற்றோரே! இனி காரை ஏ.சி. பட்டறைக்குக் கொண்டு சென்றால் மூன்று கேள்விகள் கேட்போம். எங்கே ஒழுகுகிறது? எவ்வளவு நேரம் வேக்கம் போட்டீர்கள்? எத்தனை கிராம் ஏற்றினீர்கள்? ஓட்டைக் குடத்தில் நீர் நிறையாது. முதலில் ஓட்டையை அடைப்போம். வீட்டுப் பணமும் மிஞ்சும், காற்றும் கெடாது.