வீட்டுக் கணினியில் சமூக வலைதளங்களுக்கு வரம்பு

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்றவை 13 வயது நிரம்பாதவர்களைக் கணக்குத் தொடங்க அனுமதிப்பதில்லை. பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டு உள்ளே நுழையும் பிள்ளைகள் உண்டு என்பதால், வீட்டுக் கணினியிலேயே தடுப்பு இருப்பது நல்லது.

விண்டோஸ் கணினியில் முதல் வேலை, பிள்ளைக்குத் தனிக் கணக்கு உருவாக்குவது. அது 'ஸ்டாண்டர்ட்' வகையாக இருக்க வேண்டும். 'அட்மினிஸ்ட்ரேட்டர்' கடவுச்சொல் பெற்றோரிடம் மட்டுமே இருக்கட்டும்; அது பிள்ளைக்குத் தெரிந்துவிட்டால் மற்ற எந்த ஏற்பாடும் நிற்காது.

அடுத்து, மைக்ரோசாஃப்ட் ஃபேமிலி சேஃப்டி. இதில் பிள்ளையின் கணக்கைச் சேர்த்து, தடுக்க வேண்டிய தளங்களின் முகவரிகளைக் கொடுக்கலாம். கணினி நேரத்துக்கும் கிழமைவாரியாக வரம்பு வைக்கலாம். பலர் கவனிக்காத ஒன்று: இந்தத் தள வடிகட்டல் எட்ஜ் உலாவிக்கு மட்டுமே பொருந்தும். குரோம், ஃபயர்ஃபாக்ஸ் ஆகியவற்றையும் சேர்த்துத் தடுத்தால்தான் பயன் உண்டு.

ரவுட்டரில் ஓப்பன்டிஎன்எஸ் என்ற தள வடிகட்டல் சேவையை அமைத்தால் சமூக வலைதளங்களை ஒரே வகையாக மொத்தமாக நிறுத்தலாம். ஆனால் அது வீட்டிலுள்ள எல்லோருக்கும் பொருந்தும். கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் இணைத்தால் பயனற்றுப்போகும்.

வரம்பு வைப்பதையும் அதன் காரணத்தையும் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஒளிந்து கண்காணித்தால் நம்பிக்கைதான் கெடும். பெற்றோர் தங்கள் கணக்கைத் திறந்தபடி எழுந்து போவதும் கூடாது. விண்டோஸ் விசையுடன் 'எல்' விசையை அழுத்தினால் திரை உடனே பூட்டிக்கொள்ளும்.