பாட்டியின் பெயர்

கத்தோலிக்கக் குடும்பத்தில் நெடுநாள் வாழ்ந்த பாட்டி மறைந்தால், உறவினர் கூடிச் செபமாலை சொல்வர். நினைவுத் திருப்பலி ஒப்புக்கொடுப்பர். நவம்பர் 2ஆம் நாள் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றுவர். கல்லறைக் கல்லிலோ பெயரும் இரண்டு தேதிகளும் மட்டுமே இருக்கும். அவற்றுக்கு இடைப்பட்ட தொண்ணூறு ஆண்டுகளை யார் சொல்வது?

புக்கிட் தெங்காவை அடுத்த புக்கிட் மெர்தாஜாமில் உள்ள ஆலயம் ஒரு பாட்டியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் இயேசுவின் பாட்டி, புனித அன்னம்மாள். ஜூலை 26ஆம் நாள் அவருடைய திருநாள். அதையொட்டிப் பல இன மக்களும் அங்குத் திரள்கின்றனர். ஆயினும், விவிலியத்தில் அவர் பெயர் எங்கும் இல்லை. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த வேறொரு நூலில் எழுதி வைக்கப்பட்டதால் அப்பெயர் நிலைத்தது.

நம் பாட்டிமார் எந்தத் தோட்டத்தில் பால்மரம் சீவினர், ஜப்பானியர் ஆட்சியில் மரவள்ளிக்கிழங்கால் எப்படிப் பசியாறினர் என்பவை எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஜூலை மாத நான்காம் ஞாயிற்றுக்கிழமையைத் தாத்தா பாட்டியருக்கும் முதியோருக்கும் உரிய உலக நாளாகத் திருத்தந்தை பிரான்சிஸ் 2021இல் அறிவித்தார். அந்நாளிலேனும் பாட்டியின் அருகில் அமர்ந்து கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். இறுதிச் சடங்கன்று நம் மனத்தில் எழும் கேள்விகளுக்கு விடை தர அவர் இருக்கமாட்டார்.