கல்லீரல் நோய் காலிலும் தெரியலாம்



ஹெபடைடிஸ் சி என்றதும் மஞ்சள் காமாலையும் கல்லீரலும்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் 1989இல் கண்டறியப்பட்ட இந்தக் கிருமி உடலில் நாட்பட்டுத் தங்கும்போது, கல்லீரல் பல ஆண்டுகள் எந்த வலியும் காட்டாமல் இருக்கக்கூடும். தொல்லை முதலில் தோலிலோ, மூட்டிலோ, சிறுநீரகத்திலோ தலைகாட்டலாம்.

இது எப்படி நேர்கிறது? கிருமியை எதிர்க்க நம் உடல் எதிர்ப்புப் புரதங்களை உண்டாக்குகிறது. கிருமி நீடிப்பதால் அந்த வேலை ஓய்வதே இல்லை. நாளடைவில் சில புரதங்கள் ஒன்றோடொன்று பிணைந்து, சிறு ரத்தக் குழாய்களில் படிந்து, அங்கே அழற்சியை ஏற்படுத்துகின்றன. குளிர்ச்சியில் திரண்டு படியும் தன்மை உள்ளதால் இவற்றுக்குக் கிரையோகுளோபுலின் என்று பெயர்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்:

1. கால்களில் திரும்பத் திரும்ப வரும் செந்நீலப் புள்ளிகள்
2. மூட்டு வலி, காரணம் தெரியாத அசதி
3. கை கால்களில் மரத்துப்போதல், எரிச்சல்
4. சிறுநீரில் நுரை அல்லது ரத்தம், கால் வீக்கம்
5. கண்ணும் வாயும் வறண்டுபோதல்

இவை வேறு நோய்களாலும் வரும். எனவே பயப்பட வேண்டாம். அதே சமயம், மூட்டு வலிக்காக எடுக்கும் ருமட்டாய்டு காரணி பரிசோதனை இந்தக் கிருமி உள்ளவர்களுக்கும் ‘உண்டு’ என்று வரலாம். அதை மட்டும் வைத்து முடக்குவாதம் என்று முடிவு செய்தால் உண்மையான காரணம் மறைந்துவிடும். அபூர்வமாகச் சிலருக்கு நிணநீர்ப் புற்றுநோயும் வரக்கூடும் என்பதால் காலதாமதம் நல்லதல்ல.

மேற்கண்ட அறிகுறிகள் நீடித்தால், “ஹெபடைடிஸ் சி இருக்குமா என்று பார்க்கலாமா?” என்று மருத்துவரிடம் கேளுங்கள். முதல் ரத்தப் பரிசோதனை, கிருமி எப்போதாவது உடலில் நுழைந்ததா என்று காட்டும். இப்போதும் இருக்கிறதா என்பதை ஆர்என்ஏ பரிசோதனைதான் உறுதிசெய்யும்.

இதற்குத் தடுப்பூசி இல்லை. ஆனால் குணமாக்கும் மாத்திரைகள் உள்ளன. பெரும்பாலும் 8 முதல் 12 வாரங்கள் சாப்பிட்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் கிருமி நீங்கிவிடுகிறது. 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் அரசு சிகிச்சை மையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். கிருமி நீங்கிய பிறகும் சிலருக்குத் தோல், நரம்பு, சிறுநீரகத் தொல்லைகள் தொடரலாம். ஆகவே மாத்திரை முடிந்ததும் மருத்துவரைப் பார்ப்பதை நிறுத்திவிடக் கூடாது.

இது ரத்தத்தின் வழியே பரவும் நோய். சவரக் கத்தி, ஊசி, கத்னா செய்யும் கருவிகள் ஆகியவை ஒருவருக்குப் பயன்படுத்தியதை அப்படியே மற்றவருக்குப் பயன்படுத்தக் கூடாது. ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, முஸாஃபஹா செய்வதாலோ, கட்டித் தழுவுவதாலோ பரவாது. ஆகவே இந்நோய் உள்ளவரை விருந்திலிருந்தும் உறவிலிருந்தும் ஒதுக்கிவைக்க எந்தக் காரணமும் இல்லை. ஒதுக்கிவிடுவார்கள் என்ற பயத்தில்தான் பலர் பரிசோதனைக்கே வராமல் இருக்கிறார்கள். அந்தப் பயத்தைப் போக்குவது குடும்பத்தார் நம் கையில்தான் இருக்கிறது.